தலைவருக்கு நேரமில்லை

அடுத்த வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து சேர்ந்துவிடுங்கள் என்று டாக்டர் மகிமா சொன்னதும், சுப்புராஜ் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அந்த வாரத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். ராமசெல்விக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கில் புற்று என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. இந்த மனுஷன் கல்யாண மண்டபத்துக்குத் தேதி பிடிக்கிறவர் மாதிரி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வியாழக்கிழமை தோதுப்படாது டாக்டர். சங்கத் தேர்தல் வருது. அது முடியட்டும், வச்சுக்கிடலாம்."

"என்ன சங்கம்?" என்று டாக்டர் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. சுப்புராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கயிறு, தார்ப்பாய், இரும்புச் சாமான் வணிகர் நலச் சங்கம் என்று முழுப் பெயரையும் சொன்னார். தலைவர் பதவிக்குத் தான் நிற்பதையும், எதிர்த்து நிற்பவர் நங்கூரக் கடை நீலமேகம் என்பதையும், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடைக்காரர்கள் தன் பக்கம்தான் என்பதையும் சொன்னார். டாக்டர் மகிமா நாகர்கோவில்காரர். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் நாக்கை லேசாக நீட்டி, இடது ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த இடத்துல இருக்கு உங்களுக்கு. இப்ப மொச்சைக்கொட்டை அளவுதான். கழுத்துக்குப் போனதா ஸ்கேன்ல தெரியல. இப்ப வெட்டினா ஓரத்தை மட்டும் எடுத்தாப் போதும். கொஞ்ச நாள் பேச்சு குழறும், அப்புறம் பழகிடும். தள்ளிப்போட்டா நான் எவ்வளவு எடுக்க வேண்டி வரும்னு என்னாலயே சொல்ல முடியாது."

"குழறுமா?" என்றார் சுப்புராஜ். டாக்டர் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"உயிரோட இருந்து குழறுறது நல்லதுதானே?"

"பாத்துக்கிடலாம் டாக்டர்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். கடையில், தார்ப்பாய்க்கு விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் சொல்கிற வார்த்தை அது.

சுப்புராஜுக்கு எல்லாமே நாக்குதான். சாத்தூரிலிருந்து வந்த அப்பா ராயபுரத்தில் போட்டுக் கொடுத்த கடையை அவர் பேசியே பெரிதாக்கினார். வலை மிதப்பு வாங்க வந்த விசைப்படகுக்காரன் கயிறும் தார்ப்பாயும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இவரிடம் டீயும் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போவான். அந்தப் பேச்சில் மயங்கித்தான் ராமசெல்வியும் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் அவர் பேசியேதான் நிரப்பிவந்தார். வெற்றிலையோடு ஒரு கிள்ளு புகையிலை போடாவிட்டால் பேச்சு ருசிக்காது என்பார். அந்த ருசி பல வருஷமாக நாக்கின் ஓரத்தில் அடைந்து கிடந்தது.

புண் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவளும் இல்லை, அவரும் இல்லை. பக்கத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலிதான். ஒருநாள் தன் வீட்டிலிருந்து வந்த பிரியாணியைப் பங்கு போட்டுச் சாப்பிடும்போது சுப்புராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா அண்ணாச்சி, ஒரு பக்கமாவே மென்னுகினு கீறே? வாயத் தொற, பாப்போம்," என்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர் கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்ததில் சந்தேகம் தீர்ந்துபோனது.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ராமசெல்வி, சௌக்கத் அலி, சுப்புராஜின் அண்ணன் அப்பாவு. மாதவரத்தில் பெயின்ட் மொத்த வியாபாரம் செய்பவர் அப்பாவு. அதே சங்கத்தில் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர். மூன்றாவது முறை தோற்பதற்குத் தம்பி இருக்கிறான் என்பது ராமசெல்வியின் கணிப்பு. ஆனால் தம்பி ஜெயித்துவிடுவான் போலிருந்தது. அதுதான் வந்த வினை.

"இப்ப போய்க் கத்தி வச்சா ஓட்டு போச்சு தம்பி," என்றார் அப்பாவு. "வாய்ல புத்து உள்ளவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? இத்தனை நாள் இருந்த புண்ணு இன்னும் கொஞ்ச நாள் இருந்தா குடியா முழுகிரும்? மீஞ்சூர்ல ஒருத்தர் சூரணம் குடுக்காரு. தேன்ல குழைச்சுத் தடவு. தேர்தல் வரைக்கும் தாக்குப் பிடிக்கும்."

"அத்தான், அது உங்க வாயா இருந்தா சூரணம் தடவுவீங்களா?" என்று ராமசெல்வி கேட்டாள்.

"பொம்பளைங்களுக்கு வெளி விவகாரம் புரியாதும்மா."

அப்பாவுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாதபோது வருகிற பதில் அது. சூரணம் வந்தது. கரிய பொடி, கிராம்பு வாசனை. தடவியதும் நாக்கு மரத்துப்போய் எரிச்சல் அடங்கியது. "பாத்தியா, கேக்குது!" என்றார் சுப்புராஜ். எரிச்சல் தெரியாமல் போனதை நோய் போனதாக நினைத்துக்கொள்ளும் அளவுக்குத் தன் புருஷன் முட்டாள் இல்லை என்று ராமசெல்விக்குத் தெரியும். முட்டாளாக இருப்பது அவருக்கு அப்போதைக்குத் தோதாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. மாற்றுத் துணி, பழைய மருத்துவ அறிக்கைகள், பிளாஸ்க் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டு அவரை எழுப்பப் போனாள். படுக்கை காலியாக இருந்தது. அப்பாவு கார் அனுப்பி, தம்பியைத் திருவொற்றியூர்ப் பக்கம் ஓட்டுக் கேட்க அழைத்துப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

"ஓட்டுக் கேக்கப் போயிருக்காரும்மா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினாள்.

அன்றைக்கு மத்தியானம் ராமசெல்வி கடையைக் கூலியாள் பொறுப்பில் விட்டுவிட்டு நேராக நீலமேகத்தின் கடைக்குப் போனாள். எதிரியின் கடை. வாசலில் துருப்பிடித்த நங்கூரங்களும் சங்கிலிகளும் குவிந்து கிடந்தன. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர் நீலமேகம். பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இன்னாமா, நம்ம கடையாண்ட வந்துகீறீங்க? அண்ணாச்சி பார்த்தா கோச்சிக்கப் போறாரு."

அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும்தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது. இந்த ஆள் நினைத்தால் சாயங்காலத்துக்குள் சாலை முழுக்கப் பரப்பிவிடலாம். பரப்பட்டும் என்றுதான் அவளும் வந்திருந்தாள். ஓட்டு போகும், தேர்தல் போகும், மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

நீலமேகம் பேப்பரை மடித்து வைத்தார்.

"என் வூட்டுக்காரிக்கு மார்ல கட்டி வந்துச்சும்மா. டாக்டரு சொன்னாரு, நாங்க யோசனையே பண்ணல. அந்த வாரமே கத்தி வெச்சுட்டோம். எத்தினியோ வருசம் ஆவுது. இன்னிக்குக் காலைலகூட கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னதுக்கு என்னைப் போட்டுத் திட்டிச்சு." அவர் எழுந்து தண்ணீர் சொம்பை எடுத்து நீட்டினார். "குடிங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அண்ணாச்சி போட்டியே இல்லாம ஜெயிச்சுகினு போவட்டும். அப்பால நாளைக்கே படுக்கச் சொல்லுங்க. நான் யாராண்டயும் மூச்சு வுட மாட்டேன்."

சொன்னபடி செய்தார். மூட்டு வலி, அலைய முடியவில்லை என்று சங்கத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். மறுநாள் கடை வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது. "பயந்துட்டான் தம்பி! உம் பேரைக் கேட்டே பயந்துட்டான்!" என்று அப்பாவு கூவினார். பூமாலையோடு நின்ற சுப்புராஜைப் பார்க்கப் பார்க்க ராமசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூட்டம் கலைந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"தேர்தல்தான் முடிஞ்சு போச்சே. நாளைக்குக் காலைல கிளம்புவோம்."

"பதவி ஏத்துக்கிட வேண்டாமா? போட்டியே இல்லாம ஒருத்தன் வாரது சங்க வரலாத்திலேயே இதான் மொத தடவை. எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுப் பெருசா செய்யணும்னு அண்ணன் சொல்லுதாரு."

அவள் பொறுமை அற்றுப்போனது. நீலமேகம் ஏன் விலகினார் என்பதைச் சொல்லிவிட்டாள்.

சுப்புராஜின் முகம் கறுத்தது. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தார்ப்பாய்க் கட்டின் மேல் போட்டார். "எனக்குப் பிச்சை போட வச்சுட்டியேடி," என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. ஊரெல்லாம் பேசினார். பிச்சை இல்லை, பதவி தன்னுடையதுதான் என்று யாருக்கோ நிரூபிப்பதைப் போல, மேடை எவ்வளவு அகலம், பேனர் எத்தனை அடி, பிரியாணி மட்டனா சிக்கனா என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டம் போட்டார். நாக்கில் மொச்சையாக இருந்தது அதற்குள் இன்னும் பெருத்துவிட்டது. அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை.

எம்.எல்.ஏ. ஒரு தேதி கொடுத்தார். அப்புறம் தொகுதியில் ஏதோ திறப்பு விழா என்று அதை மாற்றினார். அடுத்த தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. ஆடியில் பதவியேற்பா என்று அப்பாவு பதறினார். கத்தி வைக்கவும் ஆடி ஆகாது என்று அதே மூச்சில் சொன்னார். நாக்கில் இருப்பதற்கு ஆடி, ஆவணி தெரியுமா என்று ராமசெல்வி கேட்டதற்கு, வீட்டில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று பதில் வந்தது. அண்ணனும் தம்பியும் பழுத்த வியாபாரிகள். பத்து மீட்டர் கயிற்றில் ஒரு முழம் குறைந்தால் குடோன் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறவர்கள். ஓர் உயிர் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருப்பதை வசதிக்குத் தகுந்தபடி அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆடி முடியப்போகும் சமயம் ஒரு மத்தியானம், கடையின் பின்கட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். தார்ப்பாய்ச் சுருள்களுக்கு நடுவே சுப்புராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதவியேற்பு உரையைக் கைப்பேசியில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "பெருமதிப்புக்குரிய" என்ற இடத்தில் நாக்கு இடறியது. நிறுத்தினார். மறுபடி பதிந்தார். மறுபடியும் இடறியது. மூன்றாவது முறை அவர் பதியவில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். முதுகு குலுங்கியது.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசினார்.

"பயமா இருக்கு செல்வி. அந்தம்மா வெட்டிட்டாங்கன்னா எங்கிட்ட வேற என்ன இருக்கு? பேசாத சுப்புராஜை எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "தூங்கும்போது பேசாமத்தானே கிடக்கீங்க?"

அவர் சிரித்தார். சிரித்ததில் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை கன்னத்திலிருந்து கீழே இறங்கி, தாடைக்கடியில் ஓரிடத்தில் நின்றது. அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தாள். கோலிக்குண்டு மாதிரி ஒன்று, தோலுக்கடியில் அசையாமல் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"விழா முடியட்டும்னு இருந்தேன்."

அவளுக்கு அவர்மேல் இருந்த இரக்கம் அந்த நொடியே வற்றிப்போனது. அறையலாமா என்றுகூட இருந்தது. எழுந்து போய், சௌக்கத் அலியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் தொட்டுப் பார்த்தார். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. "அண்ணாச்சி, கம்முனு எந்திரி. ஆட்டோ நிக்குது," என்றார். சுப்புராஜ் எழுந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பாவு உள்ளே வந்தார். எம்.எல்.ஏ. தேதி கொடுத்துவிட்டார், ஆவணி பிறக்கிற இந்த ஞாயிற்றுக்கிழமையே, இனி மாறாது என்றார். சுப்புராஜ் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமைதான பாய்," என்றார் கெஞ்சலாக. ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது.

விழா நடந்தது. எம்.எல்.ஏ. வந்தார்; பாதியில் கிளம்பினார். தலைவர் உரை நிகழ்த்தினார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் எந்தச் சொல்லும் உருவம் பிடிக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. முன்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னது ராமசெல்விக்குக் கேட்டது. பின்வரிசைகள் ஏற்கெனவே பந்திக்கு எழுந்துபோயிருந்தன. இந்தப் பேச்சுக்காகத்தான் அத்தனை மாதம். காது கொடுத்துக் கேட்டவர்கள் அவளும், சௌக்கத் அலியும், வராமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீலமேகமும்தான்.

டாக்டர் மகிமா புதிய ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள் ராமசெல்வி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாக்குல பாதிக்கு மேல எடுக்கணும். தாடை எலும்புல ஒரு பகுதி, கழுத்து முடிச்சுகள் எல்லாம் எடுக்கணும். முன்னங்கையிலிருந்து சதை எடுத்து வாய்ல வச்சுத் தைக்கணும். அப்புறம் கதிர் வைத்தியம்."

"நாளைக்கே செய்யுங்க டாக்டர்," என்றார் அப்பாவு. திடீரென்று அவருக்கு அவசரம் வந்துவிட்டது.

"நாளைக்கா? இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு ஒரு நாள் முழுக்க தியேட்டர் வேணும். முன்னாடி எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்கன்னு வராண்டாவுல பார்த்தீங்கதானே? அன்னைக்கு உங்களுக்குன்னு ஒரு இடம் வச்சிருந்தேன். அது வீணாப் போச்சு. அது கிடைக்காதான்னு ஏங்கிக்கிட்டு இருந்தவங்க இருந்தாங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு மாசம் தள்ளிப்போனாலே சாவுக்கான ஆபத்து நூத்துக்கு ஆறேழு பங்கு கூடுதுன்னு கணக்குப் பார்த்து வச்சிருக்காங்க. நீங்க எத்தனை மாசம் தள்ளிப்போட்டீங்கன்னு நான் கேக்கல."

இப்போது அவர்களும் காத்திருந்தார்கள். சங்கத் தலைவர் என்று சொல்லிப் பார்த்தார் அப்பாவு. எம்.எல்.ஏ.வை விட்டுப் பேசச் சொல்கிறேன் என்றார். வராண்டாவில் பொன்னேரியிலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எம்.எல்.ஏ. யாரும் இல்லை. அவர் முறை முன்னால் வந்தது. சரியாகத்தான் வந்தது என்று ராமசெல்வி நினைத்தாள்.

ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. வெளியே வந்த சுப்புராஜின் முகம் ஒரு பக்கம் உள்வாங்கி, கழுத்தில் மூச்சுக்கு ஓட்டையும் மூக்கில் சாப்பாட்டுக்குக் குழாயுமாக இருந்தது. கண் விழித்ததும் அவளைத் தேடினார். பேச வாயெடுத்தார். காற்று மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சங்கத்தார் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். எல்லோர் கையிலும் ஆப்பிள் பை. எச்சிலை விழுங்கவே பாடுபடுகிற மனிதனுக்கு ஆப்பிள்! அந்தப் பைகளை வாங்கி வாங்கி அடுக்கும்போது ராமசெல்விக்கு ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பழத்தைப் போட வேண்டும்போல் இருந்தது. "தலைவரே, சீக்கிரம் வந்து சங்கத்தை நடத்துங்க," என்றார்கள். தலைவர் குழாய் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கதிர் வைத்தியம் தொடங்கி அவர் கழுத்துத் தோல் கருகியபோது வருகை குறைந்தது. அப்பாவு பொறுப்புத் தலைவர் ஆனதும் நின்றேபோனது.

சௌக்கத் அலி மட்டும் தினமும் கடை அடைத்ததும் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அன்றைய சங்கதியெல்லாம் சொல்வார். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எதுவரைக்கும் நின்றன, எந்தப் படகு எவ்வளவு வஞ்சிரம் கொண்டுவந்தது, யார் யாரைக் கலீஜான வார்த்தையில் திட்டினார்கள் என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டுவார். சுப்புராஜ் கேட்டுக்கொண்டிருப்பார். வாழ்நாளில் அவர் அடுத்தவர் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டது அப்போதுதான். சில சமயம் கண்ணால் சிரிப்பார். ஒருநாள் நீலமேகம் தன் மனைவியோடு வந்தார். பழம் எதுவும் கொண்டுவரவில்லை. அந்த அம்மாள், குழாயில் ஊற்றுவதற்குத் தோதாக வடிகட்டிய ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தாள். சுப்புராஜ் நீலமேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"வுடு அண்ணாச்சி. ஒடம்பைப் பாரு, அது போதும்," என்றார் நீலமேகம்.

கழுத்தில் தையலுக்குப் பக்கத்திலேயே அது மறுபடி வந்தது. இந்த முறை டாக்டர் தேதி எதுவும் சொல்லவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தார். அடுத்த சித்திரை பிறப்பதற்கு முன், ஒரு காலை வேளையில், வெளியே தண்ணீர் லாரி வந்து தெருவே குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது சுப்புராஜ் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவர் எதையோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தார். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததாக நடிக்கவும் அவளால் முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ராமசெல்வி ஒருநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரிடம் நேராகக் கேட்டாள்.

"அந்த வியாழக்கிழமை செஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"ஒரு ஆளை வச்சு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா அப்ப அவர் இருந்த நிலைமையில பத்துப் பேர் வந்தா ஏழெட்டுப் பேர் அஞ்சு வருஷம் தாண்டியும் நல்லா இருப்பாங்க. அவர் திரும்பி வந்த நிலைமையில மூணு நாலு பேர் இருந்தாலே அதிகம்." பிறகு, கேட்காமலேயே சொன்னார்: "எத்தனையோ பேருக்குத் தள்ளிப்போகுறது அவங்க தப்பால இல்ல. பணம் இல்லாம, பெட் இல்லாம, எங்க போகணும்னே தெரியாம. உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் இருந்துச்சு. அதான் எனக்கு ஆறல."

அவளுக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை.

மறைந்த தலைவருக்கு அஞ்சலி என்று சங்கம் ஒருநாள் கடையடைப்பு அறிவித்தது. சாலை நெடுகக் கறுப்புக் கொடி; அப்பாவுவின் படம் பெரிதாகவும் சுப்புராஜின் படம் கொஞ்சம் சிறியதாகவும் போட்ட பேனர். சங்கத்துக்காக உயிரையே அர்ப்பணித்தவர் என்று எழுதியிருந்தது. அன்றைக்குக் காலை ராமசெல்வி வழக்கம்போலப் போய்க் கடையைத் திறந்தாள். கயிற்றுச் சுருள்களை வெளியே உருட்டி வைத்து, தண்ணீர் தெளித்து, கல்லாவில் உட்கார்ந்தாள். சாலையில் திறந்திருந்த ஒரே கடை அது.

அப்பாவு மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா இது? எல்லாரும் என்னைக் கேக்காங்க. உம் புருஷனுக்காகத்தான மொத்த ரோடும் அடைச்சுக் கிடக்கு! சாயந்தரம் கூட்டத்துல நீ வேற மேடைல உக்காரணும்."

"நான் வரல அத்தான்."

"ஊரு என்ன நினைக்கும்? விதி, அவனைக் கொண்டுபோயிருச்சு. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?"

"டாக்டர் தேதி குடுத்தாங்க. விதியா வந்து அதை மாத்துச்சு?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கார் அனுப்புனீங்க. அவரு ஏறிப் போனாரு. ரெண்டு பேரையும் நான் மன்னிக்கல. அவரு செத்துட்டாரு, அவரோட சண்டை போட முடியாது. நீங்க இருக்கீங்க. அதனால இந்தப் பேச்சை எங்கிட்ட கொண்டுவராதீங்க."

அப்பாவு வாயைத் திறந்தார். பொம்பளைகளுக்குப் புரியாது என்ற அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது அவளுக்குத் தெரிந்தது. ஏனோ வெளியே வரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கறுப்புக் கொடிகளுக்கு அடியில் நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் விசைப்படகுக்காரன் ஒருத்தன் சைக்கிளில் வந்து இறங்கினான். அடைத்துக் கிடந்த சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, இவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, தலைவரு செத்துட்டாருன்னு அல்லாரும் மூடிக் கீறாங்க. நீ மட்டும் தொறந்து வெச்சிகினு கீறே?"

"கயிறு வேணுமா, வேண்டாமா?" என்றாள் ராமசெல்வி.

"வேணும்."

"எவ்வளவு தடிமன்ல வேணும்?" என்று கேட்டபடி அவள் எழுந்தாள்.